குகையூரின் விண்ணப்பம்

ஊர்கள் பெருமை பெறும் வழிகள் பல. அரசன் வீற்றிருந்தமையாற் பெருமையுற்றன சில. ஆறும் துறைமுகமும் வாய்த்தமையாற் செழிப்புற்றன சில. அடியார் பிறந்தமையாலும் புலவர் பாடியமையாலும் புகழுற்றன வேறு சில. இவையெல்லாம் தாமே வந்தெய்திய பெருமைகள். ‘எமக்குப் பெருமை தருக’ என்று ஓர் ஊர் தானே விண்ணப்பம் எழுதி, நடுவர்முன் நின்று, பிற ஊர்களோடு போட்டியிட்டு அதனைப் பெறுவதென்பது நம் முன்னோர் கேளாத புதுமை. அப்புதுமை ஐரோப்பாக் கண்டத்தில் இன்று வழக்கமாகிவிட்டது. அதனைக் குறித்து யாம் சில காலமாகப் படித்தும் நண்பரோடு வாதித்தும் வருகின்றோம். அங்ஙனம் விண்ணப்பித்த ஊர்களுள் ஒரு சிறு நகரின் வரலாறு எம் உள்ளத்தை விட்டு நீங்காமையின், அதனை இவ்விதழ் படிக்கும் அன்பர்க்கு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

இவ்வழக்கத்திற்கு வித்திட்டவர் ஒரு பெண்மணி. கிரேக்க நாட்டுத் திரைப்பட நடிகையாகப் புகழ்பெற்றுப் பின்னர் அந்நாட்டின் பண்பாட்டு அமைச்சராய் விளங்கிய மெலினா மெர்க்கூரி என்பார், ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடும்போதெல்லாம் வாணிபத்தையும் நாணயத்தையும் பற்றியே பேசுகின்றன. கலைக்கும் அங்கே ஓர் இருக்கை வேண்டும் எனக் கருதினார். அவர் முயற்சியால் 1985-ஆம் ஆண்டில் ஏதென்சு நகரம் ஐரோப்பாவின் முதற் பண்பாட்டு நகராக அறிவிக்கப்பெற்றது. அடுத்த ஆண்டுகளிற் பிளாரன்சும், ஆம்ஸ்டர்டாமும், பாரிசும் அப்பெயரைப் பூண்டன. 1999-ஆம் ஆண்டில் ‘பண்பாட்டு நகர்’ என்பது ‘பண்பாட்டுத் தலைநகர்’ என மாறிற்று. இடையே, 1990-ல், கப்பல் கட்டும் தொழில் நலிந்து வருந்திய கிளாஸ்கோ நகரம் அப்பட்டத்தைப் பெற்றபோது அதன் நோக்கமே வேறாயிற்று. முன்னரே புகழ்பெற்ற நகரங்களுக்கு மாலையிடுவது என்னும் நிலை மாறி, தாழ்ந்த நகரம் எழுந்து நிற்பதற்கு ஊன்றுகோல் கொடுப்பது என்னும் நிலை பிறந்தது.

இப்போட்டியின் முறையும் அறியத்தக்கது. எந்த ஆண்டு எந்த நாட்டின் முறை என்பது முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. அந்நாட்டு நகரங்கள் ஏறத்தாழ ஆறாண்டுகளுக்கு முன்னரே தத்தம் திட்டத்தை ஒரு நூலாக எழுதி அளித்தல் வேண்டும். நடுவர் குழு அவற்றைப் படித்துச் சிலவற்றைப் பொறுக்கியெடுக்கும். பொறுக்கப்பட்டவை விரித்து எழுதப்பட்டு மீண்டும் ஆராயப்படும். இறுதியில் ஒன்றே தேரும். வென்ற நகருக்கு உடனே பொன்மழை பொழிவதில்லை. சொன்ன சொல்லைக் காத்த நகருக்கு மெர்க்கூரி அம்மையார் பெயரால் 15 இலட்சம் யூரோ பரிசாக வழங்கப்படும். எஞ்சிய செலவனைத்தும் அவ்வூரும் அந்நாடும் தேடிக்கொள்ள வேண்டுவனவே.

2019-ஆம் ஆண்டு பல்கேரியாவுக்கும் இத்தாலிக்கும் உரிய முறையாயிற்று. இத்தாலியில் இருபதுக்கு மேற்பட்ட நகரங்கள் விண்ணப்பித்தன. 2013-ஆம் ஆண்டின் இறுதியில் ஆறு எஞ்சின. அவ்வாறும் யாவை எனிற் கேண்மின். மணிக்கல் ஓவியங்களாற் சிறந்ததும், மகாகவி தாந்தே 1321-ல் உயிர்நீத்த இடமுமாகிய ரவென்னா ஒன்று. இடைக்கால மாளிகைகள் நிறைந்த சியெனா ஒன்று. பிரான்சிசு அடிகள் பிறந்த அசிசியைத் துணையாகக் கொண்ட பெரூஜியா ஒன்று. சிற்பக் கோயில்கள் மலிந்த லெச்சே ஒன்று. சார்தீனியத் தீவின் தலைநகராகிய கல்யாரி ஒன்று. ஆறாவதாய் நின்றது மத்தேரா. ஏறத்தாழ 60,000 மக்கள் வாழும் சிறு நகர் அது. தென்னித்தாலியிற் பசிலிக்காத்தா என்னும் வறிய மாநிலத்தில், ஒரு பெரும் பள்ளத்தாக்கின் விளிம்பில் அமைந்தது. போட்டியிற் புகுந்த காலத்தும் வென்ற காலத்தும் அரசின் இருப்புப்பாதை அவ்வூரை எட்டவில்லை. பாரி நகரிலிருந்து செல்லும் குறுகிய பாதை வண்டி ஒன்றே அதனை வெளியுலகோடு இணைத்தது.

மற்றையோர் மாளிகையும் ஓவியமும் காட்ட, மத்தேரா எதனைக் காட்டிற்று? தன் குகைகளைக் காட்டிற்று. அவ்வூரின் பழம்பகுதிக்குச் ‘சாசி’ என்று பெயர். ‘பாறைகள்’ என்பது அதன் பொருள். மென்மையான சுண்ணக் கற்பாறையைக் குடைந்து, குடைந்தெடுத்த கல்லையே முகப்பாக அடுக்கி, ஒரு வீட்டின் கூரை மேல்வீட்டிற்குத் தெருவாக அமையுமாறு அடுக்கடுக்காய் எழுப்பப்பட்ட குடியிருப்பு அது. கற்கால மக்கள் வாழ்ந்த குகைகள் அப்பள்ளத்தாக்கின் இருமருங்கும் உள்ளன. இடைக்காலத்துத் துறவியரும் குடியானவரும் பாறையைக் குடைந்து அமைத்த திருக்கோயில்கள் நூற்றுக்கு மேற்பட்டன. அவற்றின் சுவர்களில் ஆண்டவரும் அன்னையும் அடியாரும் வண்ணத்தில் வரையப்பட்டுள்ளனர். குடைவரை என்னும் சொல்லை நாவிற் பயின்ற தமிழ் மாணாக்கர்க்கு அவ்வோவியங்களைப் படத்திற் காணும்போதே ஓர் உறவு தோன்றும்.

யாம் பெரிதும் வியந்தது அவர்தம் நீரறிவை. அவ்வூர் அமைந்த பாறைமேட்டில் ஆறில்லை. கீழே ஆழத்தில் ஓடும் சிற்றாற்று நீரை மேலேற்றுதலும் எளிதன்று. ஆகவே மழைநீரை ஒரு துளியும் வீணாக்காது, கூரையினின்றும் தெருவினின்றும் சிறு கால்களால் இறக்கி, வீடுதோறும் பாறையுட் குடைந்த தொட்டிகளிற் சேர்த்தனர். ஊரின் பெருஞ் சதுக்கத்தின் அடியில் ‘பலோம்பாரோ லூங்கோ’ என்னும் நீர்க்கூடம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 50 இலட்சம் லிட்டர் நீர் கொள்ளத்தக்க அதனை நிலத்தடிக் கோயிலெனினும் பொருந்தும். பயனின்றி மறக்கப்பட்ட அக்கூடம் 1991-ல் மீண்டும் கண்டறியப்பட்டது. அடுத்துக் குறிக்கத்தக்கது அவர்தம் அப்பம். வீட்டிற் பிசைந்த மாவைப் பொது அடுப்பிற்கு அனுப்புங்கால், தம் அப்பம் பிறரதனோடு கலவாமைப் பொருட்டு, குடும்ப முதல்வரின் முதலெழுத்துக்கள் செதுக்கிய மரமுத்திரையை மாவின்மேற் பதிப்பர். எழுதப் படிக்க அறியாத குடியானவர் பலர்; எனினும் நாள்தோறும் உண்ணும் அப்பத்தின்மீது அவர் பெயர் எழுதப்பட்டிருந்தது.

இத்தகைய ஊர் எவ்வாறு இழிவுற்றது? மக்கள்தொகை பெருகப் பெருக, நீர்த்தொட்டிகளும் களஞ்சியங்களும் வீடுகளாயின. கதவு வழியன்றிக் காற்று வேறு வழியிற் புகாத ஓர் அறையிற் பெற்றோரும், பல பிள்ளைகளும், கழுதையும், கோழியும் ஒருங்கே உறங்கும் நிலை நேர்ந்தது. முறைக்காய்ச்சலும் கண்ணோயும் மிகுந்தன; குழவிகள் பல இறந்தன.

இதனை உலகிற்கு உரைத்தது ஒரு நூல். தூரின் நகரத்து மருத்துவரும் ஓவியருமாகிய கார்லோ லேவி என்னும் யூதர், முசோலினியின் ஆட்சியை எதிர்த்தமையால் 1935-ல் அம்மாநிலத்திற்கு நாடுகடத்தப்பட்டார். அங்குத் தாம் கண்டவற்றைப் பின்னர் எழுதி 1945-ல் வெளியிட்டார். அந்நூலின் பெயர் ‘கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்’ என்பது. எபோலி என்பது அம்மாநிலத்திற்கு அப்பாலுள்ள ஓர் ஊர். அவ்வூரோடு பாதை பிரிந்துவிடும். கிறிஸ்துநாதர் அதற்கு இப்பால் வரவேயில்லை, ஆகவே நாங்கள் மனிதராகவே எண்ணப்படுவதில்லை என்பது அந்நாட்டுக் குடியானவர் வழங்கிய மொழியாம். அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையிலெடுத்தபோது, கிறிஸ்தவராகிய யாம் அதன் முகப்பைக் கடந்து உட்புகச் சற்றே தயங்கினோம். பெருமானுக்கு ஓர் எல்லை உண்டென்று எழுதப்பட்டிருந்தது எம்மை வருத்தியது. மத்தேரா வழியாகச் சென்ற லேவியின் தமக்கையார், அவரும் மருத்துவரே, கண்ட காட்சி அதில் உளது. தம்மைச் சூழ்ந்த சிறுவர்க்கு அவர் தின்பண்டம் வாங்கக் காசு கொடுத்தார். அவர்கள் வேண்டியதோ காசன்று; கொயினா மருந்து. இப்பகுதியைப் படித்த இரவு யாம் வேறொன்றும் படிக்கவில்லை.

அந்நூலின் பின்னர் நாடு விழித்தது. 1948-ல் அங்குச் சென்ற பொதுவுடைமைக் கட்சித் தலைவர் தொலியாத்தி, அக்குகைகளை நாட்டின் இழிவு எனப் பழித்தார் என்பர். 1950-ல் முதலமைச்சர் தே காஸ்பெரி நேரிற் கண்டார். 1952-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் ஒரு சட்டம் பிறந்தது. அதன்படி ஏறத்தாழ 15,000 மக்கள் குகைகளினின்று வெளியேற்றப்பட்டுப் புதிய குடியிருப்புக்களில் அமர்த்தப்பட்டனர். லா மார்த்தெல்லா என்னும் புதுச் சிற்றூரைக் கட்டடக் கலைஞர் குவரோனி முதலியோர் வகுத்தனர். நீரும் மின்விளக்கும் கழிப்பிடமும் கிடைத்தன; குழவிகள் பிழைத்தன. இந்நன்மையைக் குறைத்துப் பேசுவோர் அக்குகையில் ஓரிரவும் தங்கியிராதவர். ஆயினும் ஒன்று இழக்கப்பட்டது. சாசியிற் பத்துப் பதினைந்து வீடுகள் ஒரு முற்றத்தைச் சூழ்ந்திருக்கும். அம்முற்றத்திற்கு ‘விச்சினாத்தோ’ என்று பெயர். ஒரு கிணறு, ஒரு துணிதுவைக்கும் கல், ஒரு வீட்டுத் துயரம் அனைவர்க்கும் துயரம் என்பது அதன் இயல்பு. அம்முற்றம் வண்டியேறிப் புதுவீட்டிற்குச் செல்லவில்லை. மக்கள் திரும்பி வாராதபடி குகைவாயில்கள் அடைக்கப்பட்டன.

இங்கே யாம் படிக்கும் தமிழ் எமக்கு ஒரு துணை செய்தது. ‘கல்ச்சர்’ என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீன் மொழியில் நிலத்தை உழுது திருத்துதலைக் குறிக்கும் வேரினின்று பிறந்தது. அதற்கு நேராக நாம் வழங்கும் பண்பாடு என்னும் சொல்லோடு உறவுடைய பண்படுத்துதல் என்பதும் உழவன் வயலிற் செய்யும் தொழிலே. இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாது ஒரே வயலிற் சந்திக்கின்றன. அங்ஙனமாயின், தலைமுறை தலைமுறையாக நிலத்தை உழுத மத்தேராக் குடியானவரைப் பண்பாடற்றோர் என்று எச்சொல்லாற் கூறுவது? அவர்க்கு இல்லாதிருந்தது உணவும், மருந்தும், நிலவுரிமையும், பண்பாடன்று. வறுமையையும் பண்பின்மையையும் ஒன்றெனக் கொள்வது செல்வர் செய்யும் பிழை. எம் பாட்டியார் கூலிக்கு நாற்று நட்டவர். தம் பெயரை எழுத அறியார். எனினும் நூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனைகளை அடி பிறழாமற் பாடுவார். அவரைப் பற்றி நூலொன்றில் யாரேனும் ‘இருளில் வாழ்ந்தவர்’ என எழுதுவராயின் யாம் எங்ஙனம் பொறுப்போம்? மத்தேரா எமக்கு அயலூராகத் தோன்றாமைக்கு இதுவே காரணம்.

பழிக்கப்பட்ட பாறை மெல்ல மெல்லத் தலைதூக்கிற்று. 1964-ல் வெளிவந்த ‘மத்தேயு எழுதிய நற்செய்தி’ என்னும் திரைப்படத்தைப் பசோலினி என்பார் எடுத்தார். அவர் கடவுள் நம்பிக்கையில்லாதவர். பாலத்தீன நாட்டிற்குச் சென்று பார்த்து, அது தம் நோக்கிற்கு இசையாது என மீண்டு, மத்தேராவையே எருசலேமாகக் கொண்டார். எபோலியிலேயே நின்றுவிட்டார் எனப்பட்ட பெருமான், திரையிலேனும் அக்குகைத் தெருக்களிற் சிலுவை சுமந்து நடந்தார். உடன் நின்ற மக்கட்கூட்டத்தில் அவ்வட்டாரத்து எளியோர் பலர். 1986-ல் மற்றொரு சட்டம் சாசியைப் பழுதுபார்த்துக் குடியேறப் பொருளுதவி வகுத்தது. 1993-ல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச்செல்வமாக ஏற்றது. இழிவு எனத் தள்ளப்பட்ட கல்லே தலைக்கல்லாயிற்று.

அதன்பின் எழுந்ததே விண்ணப்பம். சில குடிமக்கள் தாமே கூடி அவ்வெண்ணத்தைத் தொடங்கினர். நகராட்சியும் மாநிலமும் பின்னர்ச் சேர்ந்தன. அவர் எழுதிய திட்டத்தின் தலைப்பு ‘திறந்த எதிர்காலம்’ என்பது. அதனுள் ஐந்து பொருள்கள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘தொடர்ச்சியும் முறிவும்’. வெளியேற்றத்தையும் நாணத்தையும் மறைக்காது அப்பிரிவில் எடுத்துவைத்தனர். விண்ணப்பம் எழுதுவோர் தம் குறையை மறைப்பதே உலகியல்பு. இவரோ புண்ணைக் காட்டியே மருந்து கேட்டனர். 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் உரோமையில் முடிவு அறிவிக்கப்பட்டது. 13 நடுவருள் எழுவர் மத்தேராவைத் தேர்ந்தனர். தோற்ற ஐந்து நகரங்களையும் இத்தாலிய அரசு 2015-ஆம் ஆண்டிற்கு நாட்டின் பண்பாட்டுத் தலைநகர்கள் எனச் சேர்த்தறிவித்து ஆற்றியது.

2019-ஆம் ஆண்டு சனவரி 19-ஆம் நாள், குடியரசுத் தலைவர் மத்தரெல்லா முன்னிலையில், ஊர்தோறுமிருந்து வந்த பித்தளை வாத்தியக் குழுக்கள் தெருக்களில் இசைக்க, விழா தொடங்கிற்று. வருவோர் 19 யூரோ கொடுத்து ஓர் அனுமதிச்சீட்டைப் பெறின், ஆண்டு முழுதும் நிகழ்ச்சிகளைக் காணலாம். அவர்களை ‘விருந்தினர்’ என்னாது ‘தற்காலிகக் குடிமக்கள்’ என்றே அழைக்க முனைந்தனர். தோல்வியுற்ற ரவென்னாவின் நாடகக் குழுவினரே வந்து, தாந்தேயின் ‘உத்தரிக்கும் தலம்’ என்னும் பகுதியை மத்தேரா மக்களையே நடிகராகக் கொண்டு அவ்வாண்டு அரங்கேற்றினர். போட்டியாளர் இருவர் ஒரு மேடையில் நின்றது எமக்கு அவ்விழாவின் மிகச் சிறந்த பகுதியாகத் தோன்றுகிறது. நவம்பர் 12-ஆம் நாளோ பெருமழை பெய்தது. சாய்ந்த தெருக்களிற் சேறும் நீரும் ஆறாய்ப் பாய்ந்தன. பண்டு சாசியின் நடுவே நீர் வடிந்த ஓடைகளை 1930-களில் மூடிச் சாலையாக்கினர் என்பதை அறிந்தோர், முன்னோர் அறிவை மூடினால் என்னாகும் என்பதையும் அன்று நினைத்திருப்பர்.

இவ்வரலாற்றை விடுதியில் யாம் எடுத்துரைத்தபோது நண்பரிடை வாதம் மூண்டது. ஒருவர், “மக்களை வெளியேற்றிவிட்டுக் கற்களுக்கு முடிசூட்டினர், இஃது என்ன நீதி?” என்றார். அவர் கூற்றிற் பொருளுண்டு. சாசியின் குகைகளுட் பல இன்று பயணிகள் தங்கும் விடுதிகளும் உணவகங்களுமாம். எந்த அறையில் எட்டுப் பிள்ளைகள் கொயினாவின்றி நடுங்கினரோ அத்தகைய அறையிலே இன்று ஒருவர் பெரும்பொருள் கொடுத்து இன்பமாகத் துயில்கின்றார். மற்றொரு நண்பர், “பட்டினியைவிட வாணிபம் மேலன்றோ? பிழைப்பைத் தேடி வடக்கே ஓடிய இளைஞர் சிலரேனும் ஊரில் தங்குவர்” என்றார். அதுவும் பொய்யன்று.

யாம் இருவர்க்கும் இடையில் நிற்கின்றோம். பட்டம் பழைய துயருக்கு ஈடாகாது. இறந்த குழவிகட்கு எந்த விழாவும் விடையாகாது. ஆனால் விண்ணப்பம் எழுதுதல் என்னும் செயல் ஓர் ஊரைத் தன்னைத் தானே படிக்கச் செய்கின்றது. ‘யாம் யார்? எம்மை யார் இழித்தார்? அவ்விழிவை யாம் ஏன் நம்பினோம்?’ என்னும் வினாக்களுக்கு விடையெழுதாமல் அந்நூலை முடிக்க இயலாது. தம் பெற்றோர் குகையிற் பிறந்தவர் என்பதை வாய்விட்டுரைக்க நாணிய தலைமுறை ஒன்று உண்டு. அவர்தம் மக்கள் அதனை நடுவர்முன் எழுதிக்காட்டினர். நடுவர் எழுவர் வாக்கு இல்லாதிருப்பினும் இவ்வெற்றி அவ்வூர்க்கு உரியதேயாகும். நாசரேத்தூரைக் குறித்து நாத்தான்வேல் ஐயுற்றபோது அவருக்குக் கிடைத்த மறுமொழி வாதமன்று. வந்து பார்க்குமாறு ஓர் அழைப்பு. மத்தேரா உலகிற்குச் செய்ததும் அவ்வழைப்பே. எனினும் வந்து பார்ப்போர் கல்லை மட்டும் கண்டு திரும்புவரோ, லா மார்த்தெல்லாவில் வாழும் முதியோரையும் கண்டு பேசுவரோ என்பதே எம் கவலை. பின்னது நிகழாவிடின் முதல் நண்பரின் கூற்றே வெல்லும்.

அவ்வூரார் ஆண்டுதோறும் சூலை 2-ஆம் நாள் புரூனா அன்னையின் பெருவிழாக் கொண்டாடுவர். அதற்கெனப் பல திங்கள் உழைத்துக் காகிதக் கூழால் ஒரு தேர் செய்வர். வேதாகமக் காட்சிகள் அதன்மேல் வடிக்கப்படும். அன்னையின் திருவுருவை இறக்கிக் கோயிலிற் சேர்த்த பின்னர், அன்றிரவே மக்கள் தேரின்மேற் பாய்ந்து அதனைத் துண்டுதுண்டாகப் பிய்த்தெடுப்பர். கைக்கு வந்த துண்டை நற்பேறாகக் கருதி வீட்டிற்குக் கொண்டுசெல்வர். மறுநாளே அடுத்த ஆண்டின் தேரைப் பற்றிய பேச்சுத் தொடங்கும். தலைநகர்ப் பட்டமும் ஓராண்டுத் தேரே. அது கலைந்தபின் யார் யார் வீட்டில் எத்துணைத் துண்டு சென்று சேர்ந்தது என்று எண்ணிப் பார்க்க அவ்வூரார்க்கு நன்கு தெரியும். அக்கணக்கிற் குகையிற் பிறந்தோரின் வீடுகளும் இடம்பெற வேண்டும் என்பதே யாம் ஆண்டவரிடம் செய்யும் விண்ணப்பம்.